வெட்டிங், மேரேஜ், மேட்ரிமனி: பத்திரிகையில் எந்தச் சொல்லைப் போடுவது?

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையின் தமிழ்ப் பக்கம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி முகூர்த்த நேரம், மண்டபம், தாய்மாமன் பெயர் வரை எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஆங்கிலப் பக்கம்தான் ஒரு வாரம் இழுத்தது. மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அந்தப் பக்கத்தை விடவும் முடியாது. அச்சகத்தில் டிடிபி செய்யும் தம்பி ‘வெட்டிங் இன்விடேஷன்’ என்று தலைப்பிட்டு புரூஃப் அனுப்பினார். ‘மேரேஜ்’ என்றுதான் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ‘நப்ஷல்ஸ்’ என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றார். அத்தான் பீரோவிலிருந்து எடுத்து வந்த பழைய பத்திரிகை ஒன்றில் ‘ஹோலி வெட்லாக்’ என்று இருந்தது. கடைசியில் கல்யாணப் பெண்ணே போன் செய்தாள்.

“மாமா, மண்டப வாசல்ல வைக்கிற போர்டுல ‘வெட்ஸ்’னு போடுறது தப்பு இங்கிலீஷாம். ஆபீஸ்ல ஒருத்தங்க சொல்றாங்க. நெஜமாவா?”

தப்பில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் தப்பில்லை என்பதைச் சொல்லத்தான் ஆயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் பார்த்ததெல்லாம், இந்தச் சொற்களில் எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் உதவியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பக்கம் அச்சடிக்கும் வீடு எங்கள் வீடு மட்டும் இல்லையே.

‘வெட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல். அதற்குக் கல்யாணம் என்று பொருளே கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்பதற்கு அடையாளமாகக் கொடுக்கும் பிணைதான் ‘வெட்’. அதிலிருந்து பிறந்த வினைக்கு வாக்குக் கொடுத்தல், உடன்படிக்கை செய்தல் என்று அர்த்தம். 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பகுதியை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் தொகுத்த சட்டங்களில் முதலில் நிற்கும் கட்டளையே, ஒவ்வொருவனும் தன் சத்தியத்தையும் தன் ‘வெட்’டையும் காக்க வேண்டும் என்பதுதான். அங்கே பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லின் உறவுக்காரர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜெர்மன் மொழியில் இதன் பங்காளியான ‘வெட்ட’ என்ற சொல்லுக்கு இன்றைக்கும் பந்தயம் என்றே பொருள். சுவீடன்காரர்களின் ‘வாத்’தும் பந்தயம்தான். ஒரே வேரிலிருந்து கல்யாணமும் பந்தயமும் எப்படி வரும் என்று வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ் தெரிந்தவருக்கு அவ்வளவு வியப்பு வேண்டியதில்லை. சூதில் வைப்பதும் பணயம், ஒரு காரியத்துக்கு ஈடாகப் பிடித்து வைப்பதும் பணயம் என்று நம் மொழியும் ஒரே சொல்லில் இரண்டையும் சொல்கிறது. கையில் இருப்பதை நடுவில் வைத்துவிட்டு ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்வதுதான் இரண்டிலும் அடிப்படை.

இதே வேர் பிரெஞ்சுக்குப் போய், உருமாறி, மறுபடியும் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’ அப்படி வந்தது. அடகுப் பொருளைக் குறிக்கும் ‘கேஜ்’ அப்படி வந்தது. அந்த ‘கேஜ்’ஜிலிருந்துதான் ‘என்கேஜ்மென்ட்’ வருகிறது: தன்னை ஈடாக வைத்தல். வீட்டுக் கடனுக்குப் பத்திரத்தை வைக்கிறோமே, அந்த ‘மார்ட்கேஜ்’ஜும் இதே குடும்பம். முதல் நாள் சாயங்காலம் நிச்சயதார்த்தம், மறுநாள் காலை முகூர்த்தம் என்று பத்திரிகையில் ‘என்கேஜ்மென்ட்’, ‘வெட்டிங்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போடுகிறோம். அவை இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்து, ஒன்று வீட்டிலேயே வளர்ந்து, இன்னொன்று வெளிநாட்டில் வளர்ந்து திரும்பியவை. எனக்கு இதைப் படித்த அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சரி, பொதுவான வாக்கைக் குறித்த சொல் எப்படிக் கல்யாணத்துக்கு மட்டும் சொந்தமாயிற்று? 11-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பழைய ஆங்கில ஆவணம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணை எப்படி நிச்சயம் செய்வது என்பதற்கான நடைமுறை அது. மாப்பிள்ளையாக வருகிறவன் பெண்ணின் உறவினர் முன்னால் நின்று, கடவுளின் சட்டப்படி அவளை மனைவியாக வைத்துக் காப்பேன் என்று பிணையோடு வாக்குத் தர வேண்டும். அவளை வளர்த்ததற்கான தொகை யாருக்குச் சேரும் என்று சொல்ல வேண்டும். அவள் சம்மதித்ததற்காக என்ன தருவான், அவனுக்குப் பின்னும் அவள் வாழ்ந்தால் அவளுக்கு என்ன என்பதையெல்லாம் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். நம் ஊரில் பரிசம் போடுகிற சபையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். அந்தச் சபையின் பெயரே ‘வெட்’டிலிருந்து வந்ததுதான். அதாவது இன்றைய கணக்கில் அது நிச்சயதார்த்தம். கல்யாணக் கொண்டாட்டத்துக்கு வேறு பெயர் இருந்தது: பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் ஓட்டத்தை வைத்து ‘மணப்பெண் ஓட்டம்’ என்று பொருள்படும் ஒரு சொல். டச்சுக்காரர்களும் சுவீடன்காரர்களும் அந்தச் சொல்லையே இன்னமும் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் அதைக் கைவிட்டது. 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் வாக்குக் கொடுப்பதற்கான பெயரே சடங்கு முழுவதற்கும் பெயராகிவிட்டது.

பேச்சு வந்ததால் ‘பிரைடல்’ பற்றியும் ஒரு வார்த்தை. பட்டுப்புடவைக் கடை முதல் மேக்கப் வரை எங்கும் இந்தச் சொல்தான் இப்போது. இதன் வாலில் இருக்கும் ‘அல்’ இலக்கண விகுதி இல்லை. ‘ஏல்’ என்னும் மது. மணப்பெண்ணுக்கான மது விருந்து என்பதே மூலப் பொருள். அந்தக் காலத்தில் கல்யாண விருந்துக்கே அதுதான் பெயர்.

இங்கிலாந்துத் திருச்சபை 1549-இல் வெளியிட்ட பொது வழிபாட்டு நூலில் மணமகன் மோதிரம் போடும்போது சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. ‘இந்த மோதிரத்தால் உன்னை வெட் செய்கிறேன், இந்தப் பொன்னையும் வெள்ளியையும் உனக்குத் தருகிறேன்’ என்று அது தொடங்கும். பொன் வெள்ளி பற்றிய துண்டு 1552 பதிப்பில் நீக்கப்பட்டது. மோதிர வாசகம் தங்கிவிட்டது. ‘மோதிரத்தால்’ என்ற மூன்றாம் வேற்றுமையைக் கவனியுங்கள். மோதிரம் அங்கே அலங்காரம் இல்லை. அதுதான் பிணை, அதுதான் அந்தப் பழைய ‘வெட்’. வாக்கு ஒரு பொருளாகக் கைமாறுகிறது. சொல்லின் முதல் அர்த்தம் முழுசாக மிஞ்சியிருக்கும் இடம் என்று இந்த ஒரு வாசகத்தைச் சொல்வேன்.

இனி ‘வெட்ஸ்’ தப்பு என்று சொன்னவருக்கு வருவோம். அவர் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இன்றைய இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பேச்சில் இந்த வினையை யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. செய்தித்தாள் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கப் போடுவார்கள். சடங்கு வாசகத்தில் வரும். அதனால் அவர்கள் காதுக்கு அது பழையதாகவோ தலைப்பு மாதிரியோ ஒலிக்கும். ஆனால் மண்டப வாசல் போர்டு என்பது தலைப்பு இல்லாமல் வேறென்ன? இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு வினை, சுற்றிலும் பூ. இந்திய ஆங்கிலம் அந்த வினையைத் தனக்கென்று எடுத்துக் காரின் முகப்பிலும் மண்டப வளைவிலும் வைத்திருக்கிறது. ‘இன்னார் இன்னாருக்கு வாக்குத் தருகிறார்’ என்பதைத்தான் அந்த நாலெழுத்து சொல்கிறது. ‘மேரீஸ்’ என்று மாற்றினால் பிழை இல்லை, ஆனால் இந்தப் பொருள் போய்விடும். வெறும் ‘அண்டு’ குறி போட்டால் கடைப் பெயர் போல இருக்கும். என் ஓட்டு ‘வெட்ஸ்’ பக்கம்தான்.

அக்கா கேட்ட ‘மேரேஜ்’ வேறு வழியில் வந்தது. கணவனைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘மரீட்டுஸ்’. அதன் வினை பிரெஞ்சு வழியாக, நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வருகிறது. ரோமானிய விவசாயிகள் திராட்சைக் கொடியை மரத்தின் மேல் ஏற்றிவிடுவதையும் இந்த வினையாலேயே சொன்னார்கள். கொடிக்குக் கொழுகொம்பு என்று நாம் சொல்வதன் இன்னொரு வடிவம். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு இது நீதிமன்றத்தின் சொல்லாகவும் வாழ்க்கை நிலையின் சொல்லாகவும் வளர்ந்தது. ‘வெட்டிங்’ ஒரு நாள் நிகழ்வு. ‘மேரேஜ்’ அதற்குப் பிறகு வரும் வருஷங்களும் சேர்ந்தது. சான்றிதழ் ‘மேரேஜ்’ சான்றிதழ்தான், மோதிரம் ‘வெட்டிங்’ மோதிரம்தான் என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். நம் சட்டங்களும் அப்படியே. 1872-இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம், 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் எல்லாவற்றின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது ‘மேரேஜ்’.

அப்படியென்றால் பத்திரிகையில் ‘மேரேஜ்’ தவறா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘நிகழ்வுக்கு வெட்டிங், வாழ்க்கைக்கு மேரேஜ்’ என்று ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டு, பத்திரிகையில் ‘மேரேஜ்’ என்று பார்த்தாலே நம்மூர் ஆங்கிலம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. பிரிட்டிஷ் மரபுப்படி அச்சிடும் முறையான அழைப்பிதழின் வாசகமே ‘எங்கள் மகளின் மேரேஜுக்கு வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்ற அமைப்பில்தான் இருக்கும். அமெரிக்க மரபும் அதையே பின்பற்றுகிறது. அழைக்கும் வாக்கியத்துக்குள் ‘மேரேஜ்’, அழைப்பிதழின் பெயரில் ‘வெட்டிங்’ என்பது இரு நாட்டிலும் பழகிய வழக்கம். அக்கா சொன்னதும் சரி, டிடிபி தம்பி சொன்னதும் சரி. இரண்டு பேரும் பத்திரிகையின் வேறு வேறு வரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு சின்ன இடம் உண்டு. மகளின் ‘மேரேஜ்’ இன்னாரோடு என்று தமிழில் நினைத்து, ‘வித்’ போடுகிறோம். ஆங்கில மரபில் அங்கே வருவது ‘டு’. வாசிக்கிறவருக்கு ‘வித்’ புரியாமல் போகாது. ஆனாலும் பத்திரிகை ஒரு தடவைதான் அச்சாகிறது, சரியாகவே இருக்கட்டும் என்று மாற்றச் சொன்னேன்.

‘மேட்ரிமனி’யில் இருப்பது தாய். லத்தீனில் ‘மாத்தர்’ என்றால் அம்மா. தாய்மை நிலை என்பது போன்ற ஒரு சொல்லிலிருந்து இது வருகிறது. அப்பாவைக் குறிக்கும் சொல்லில் இதே விகுதி சேர்ந்தால் ‘பேட்ரிமனி’, அதாவது தகப்பன் வழிச் சொத்து. அப்பா பெயரில் சொத்து, அம்மா பெயரில் கல்யாணம்: ரோமானியக் குடும்பத்தில் யாருக்கு என்ன இடம் என்பதை ஒரு ஜோடிச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரோமானியச் சட்டத்துக்குக் கல்யாணத்தின் முக்கியக் கேள்வி, பிறக்கும் பிள்ளை சட்டப்படியான பிள்ளையா என்பது. பின்னாளில் தேவாலயம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அந்த 1549 நூலில் சடங்கின் தலைப்பு ‘மேட்ரிமனி’ என்றுதான் இருக்கிறது. அதனால் கிறிஸ்தவக் குடும்பங்களின் பத்திரிகையில் ‘ஹோலி மேட்ரிமனி’ என்று வருவது அலங்காரம் இல்லை, அவர்கள் வழிபாட்டின் சொந்தச் சொல். மற்றவர்கள் பத்திரிகையில் அது கடன் வாங்கிய உடுப்பு. போதாக்குறைக்கு, இன்றைய தமிழ் காதில் ‘மேட்ரிமனி’ என்றால் வரன் தேடும் இணையதளம் என்றே விழுகிறது. கல்யாணம் முடிவான பிறகு அடிக்கும் பத்திரிகையில் வரன் தேடலின் வாசம் எதற்கு?

சம்பந்தி சொன்ன ‘நப்ஷல்ஸ்’ மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் மேல் இருப்பது போலவே. ஆனால் இதன் லத்தீன் வேர் ஒருதலையானது. ‘நூபெரே’ என்ற அந்த வினையைப் பெண்ணுக்கு மட்டுமே சொல்வார்கள்: கணவனை ஏற்றல். ஆண் பக்கத்துக்கு வேறு தொடர்: மனைவியை அழைத்துச் செல்லுதல். ‘கொண்டான், கொடுத்தான்’ என்று நாம் சொல்வது மாதிரி இரண்டு திசை, இரண்டு வினை. மணப்பெண்ணின் முகத்திரையோடு இந்த வினையைச் சேர்த்துப் பார்த்தார்கள் பழைய ரோமானியர்கள். கத்தோலிக்கர்களின் திருமணத் திருப்பலியை ஆங்கிலத்தில் ‘நப்ஷல் மாஸ்’ என்பார்கள். அங்கே அது பொருந்தி உட்காருகிறது. எங்கள் பத்திரிகையில் போட்டால் படிப்பவர் முதலில் அந்தச் சொல்லிடம் நின்றுவிடுவார். தேதிக்கும் மண்டபத்துக்கும் பிறகுதான் வருவார். சம்பந்தியிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, “சொல்லு நிக்கணும், ஆளு நிக்கக் கூடாது, சரிதான்” என்றார்.

‘வெட்லாக்’கை எல்லோரும் பூட்டு என்று நினைக்கிறார்கள். கல்யாணம் என்றால் பூட்டு என்று அதை வைத்துச் சொல்லும் பேச்சும் நிறைய. அது பூட்டே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பது செயலைக் குறிக்கும் விகுதி, நம் ‘தல்’ விகுதி மாதிரி. வாக்குக் கொடுத்தல், கொடுத்த வாக்கில் நிற்றல் என்பதுதான் ‘வெட்லாக்’. அந்த விகுதி போட்ட சொற்கள் ஒரு காலத்தில் பல இருந்தன. இது ஒன்றுதான் பிழைத்தது. இவ்வளவு நல்ல பிறவிச் சொல்லை வேண்டாம் என்று தள்ள மனசு வலிக்கிறது, ஆனாலும் தள்ளத்தான் வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் ‘கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை’ என்ற தொடரில்தான் வருகிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதற்காக, அது இப்போது எங்கே வாழ்கிறது என்பதை மறந்துவிட முடியாது. அத்தானின் பழைய பத்திரிகையில் அது பிழை இல்லை. அன்றைக்கு அது அச்சகங்களில் புழங்கிய வாசகம். புதிதாக அடிப்பவர்களுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் அக்கினி வலம் வந்து தாலி கட்டும் முறை. வேறு முறையில் நடத்துகிறவர்களும் கேட்பார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1753-இல் ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் வரும்வரை, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ‘உன்னை இப்போதே ஏற்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டாலே, பாதிரியார் இல்லாவிட்டாலும் திருச்சபைச் சட்டப்படி அது கல்யாணம்தான். சொல்லே கல்யாணம். அந்தச் சட்டம் தேவாலயத்தையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கி அதை முடித்து வைத்தது. நம் தமிழ்நாட்டில் 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் ஒரு மொழியில், ‘இவரை என் கணவராக, இவரை என் மனைவியாக ஏற்கிறேன்’ என்று சொல்வது செல்லும் என்றது அது. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், புரோகிதர் தேவையில்லை. சுயமரியாதைத் திருமணங்களை ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ என்று அழைத்த மரபுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடினால், ‘வெட்டிங்’கை விட நெருக்கமாக ஒன்று கிடைக்காது. ஒப்பந்தம் என்பதுதானே அதன் முதல் பொருள். அந்தக் குடும்பங்கள் தலைப்பிலும் வாக்கியத்திலும் இரண்டிடத்திலும் ‘வெட்டிங்’ என்றே போடலாம். நான் அவர்களாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு மாலையில் விருந்து மட்டும் வைப்பவர்களுக்கு நேர் எதிர்: நடந்தது ‘மேரேஜ்’, அழைப்பது ‘ரிசப்ஷன்’. அங்கே ‘வெட்டிங்’ என்று போட்டால் வருகிறவர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள்.

‘வெட்டிங் டே’ பற்றியும் கேட்டார்கள். வருஷா வருஷம் வரும் கல்யாண நாளை நாம் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது கல்யாணம் நடந்த அந்த ஒரு நாளை மட்டும் குறிக்கும். திரும்பி வருவதற்கு ‘ஆனிவர்சரி’ சேர்க்க வேண்டும். பேச்சில் எப்படியும் போகட்டும், பேனரில் அடிக்கும்போது கவனித்தால் போதும்.

புரூஃபைத் திருத்தி அனுப்பியாகிவிட்டது. தலைப்பில் ‘வெட்டிங் இன்விடேஷன்’. அழைக்கும் வாக்கியத்தில் ‘மேரேஜ்’, அதை அடுத்து ‘டு’. முதல் நாள் நிகழ்ச்சிக்கு ‘என்கேஜ்மென்ட்’. மண்டபத்தின் பெயர்ப் பலகையில் ‘மேரேஜ் ஹால்’ என்று இருப்பதால் முகவரியில் அதை அப்படியே விட்டோம். ஆட்டோக்காரரிடம் காட்டி வருகிறவர்களுக்கு அதுதான் வழி. வாசல் போர்டுக்கு பூக்காரரிடம் ‘வெட்ஸ்’ என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் பெயர் முதலில் என்று அவர் கேட்டார். பழைய ஆங்கிலச் சபையில் பிணை கொடுத்து நின்றவன் ஆண் மட்டும்தான். இன்றைக்கு இருவரும் கொடுக்கிறார்கள், எந்தப் பெயர் முன்னால் வந்தாலும் அந்த வினை தாங்கும் என்று அக்கா மகளிடம் சொன்னேன்.

“அப்போ என் பேரு முன்னாடி இருக்கட்டும் மாமா” என்றாள். அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன்.